ஆயிரத்து ஒன்று

வீடியோ எடிட்டிங் மென்பொருளை ஒருமுறையாவது திறந்து பார்த்தவர்களுக்கு 29.97 என்ற எண்ணைத் தெரிந்திருக்கும். புது ப்ராஜெக்ட் தொடங்கினால் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். 24, 25, 30 என்று முழு எண்களுக்கு நடுவே 23.976, 29.97, 59.94 என்று மூன்று அரைகுறை எண்கள் நிற்கும். நிறையப் பேர் அதைப் பற்றி யோசிப்பதில்லை. யூடியூபில் யாராவது 29.97 போடச் சொல்லியிருப்பார்கள், போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

வீடியோ ப்ளேயர் மென்பொருளில்தான் எனக்குப் பிழைப்பு. உள்ளே நிரலைத் திறந்தால் 29.97 என்பதும் சரியான எண் இல்லை என்று தெரியும். அங்கே அதை 30000/1001 என்று பின்னமாக எழுதியிருப்பார்கள். 23.976 உண்மையில் 24000/1001. 59.94 என்பது 60000/1001. எல்லாவற்றுக்கும் அடியில் அதே ஆயிரத்து ஒன்று. நானூறு பக்க ஆவணத்திலும் 'ஏன் 1001?' என்பதற்குப் பதில் இருக்காது. 'மரபு' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்வார்கள். நம் ஊரில் தாத்தாக்கள் சொல்வது மாதிரிதான்: எங்க அப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான்.

ஆனால் இந்த மரபுக்குத் தேதி உண்டு. 1953 டிசம்பர் 17. அந்த நாள் வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் முப்பதேதான்.

*

கொஞ்சம் முன்னால் போக வேண்டும். 1930களில் தொலைக்காட்சியை வடிவமைத்தவர்களுக்குப் பெரிய தலைவலி படம் மினுக்குவது. நொடிக்கு 24, 30 தடவை மட்டும் வெளிச்சம் வந்து போனால் கண் அதைக் கண்டுபிடித்துவிடும். சினிமாக்காரர்கள் ஒரே ஃப்ரேமை இரண்டு முறை காட்டித் தப்பித்தார்கள். தொலைக்காட்சியில் நொடிக்கு 60 முழுப் படம் அனுப்பலாம் என்றால் அலைவரிசை இரண்டு மடங்கு வேண்டும். அதற்குக் கண்டுபிடித்த குறுக்கு வழிதான் இன்டர்லேஸ். முதலில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை வரிகளை மட்டும் வரை, அடுத்த சுற்றில் 2, 4, 6. ஒவ்வொரு சுற்றும் அரைப் படம். நொடிக்கு 60 அரைப் படம், கணக்குக்கு 30 முழுப் படம். ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஷ்ரோட்டரும் அமெரிக்காவில் ராண்டல் பல்லார்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டார்கள்.

அறுபது எதற்கு? அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் நொடிக்கு 60 முறை ஊசலாடுகிறது. அன்றைய பெட்டிகளில் மின்சாரத்தின் உறுமல் படத்திலும் கலந்துவிடும். படமும் மின்சாரமும் ஒரே வேகத்தில் ஓடினால் அந்தக் கறை ஓரிடத்திலேயே நிற்கும், கண்ணை உறுத்தாது. வேகம் வேறு என்றால் ஒரு பட்டை திரையில் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஐரோப்பாவில் மின்சாரம் 50, எனவே அங்கே 50 அரைப் படம், 25 முழுப் படம். நமக்கும் அதுதான். சென்னை வீட்டில் ஓடுகிற டிவியின் வேகத்தை நம் ஊர் கரண்ட் தீர்மானித்திருக்கிறது.

இன்று எல்.இ.டி. டிவி வாங்கினால் பெட்டியில் 1080ஐ, 1080பி என்று இரண்டும் போட்டிருக்கும். 'ஐ' என்பது இன்டர்லேஸ். தட்டைத் திரைக்கு ஒற்றை வரி, இரட்டை வரி என்று பிரித்து வரையும் அவசியமே கிடையாது, மொத்தமாக வரையும். இருந்தாலும் நம் டிடிஎச் எச்டி சேனல்கள் பெரும்பாலும் 1080ஐ-யில்தான் வருகின்றன. டிவிக்குள் இருக்கிற சிப் இரண்டு அரைப் படங்களைச் சேர்த்து ஒட்டித் தருகிறது. கிரிக்கெட்டில் பந்து வேகமாகப் போகும்போது அதன் ஓரம் சீப்பின் பற்கள் போலத் தெரிகிறது என்றால், அந்த ஒட்டுவேலை சரியாக வரவில்லை என்று அர்த்தம்.

*

இப்போது வண்ணத்துக்கு வருவோம். எனக்கு இந்த மொத்த வரலாற்றிலும் பிடித்த சண்டை இதுதான்.

1950 அக்டோபரில் அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம் ஒரு வண்ணத் தொலைக்காட்சி முறையை அங்கீகரித்தது. சிபிஎஸ் நிறுவனத்தில் பீட்டர் கோல்ட்மார்க் உருவாக்கியது. திரைக்கு முன்னால் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் பதித்த ஒரு சக்கரம் சுழலும். ஒவ்வொரு நிறத்தின் படமாக மாறி மாறி வரும், கண் அதைக் கலந்துகொள்ளும். பார்த்தவர்கள் வண்ணம் அருமை என்றே சொன்னார்கள். குறை ஒன்றே ஒன்று. வரிகளின் எண்ணிக்கை 405, நொடிக்கு 144 அரைப் படம். ஏற்கெனவே வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் இந்த ஒளிபரப்பு வண்ணமாக இல்லாவிட்டாலும் கறுப்பு வெள்ளையாகவாவது தெரியுமா என்றால், அதுவும் தெரியாது. தனியாக ஓர் இணைப்புக் கருவி வாங்கினால்தான் உண்டு.

அதற்குள் அமெரிக்க வீடுகளில் ஒரு கோடிக்கும் மேல் பெட்டிகள் வந்துவிட்டிருந்தன. பலர் தவணையில் வாங்கியிருந்தார்கள்.

ஆர்சிஏ நிறுவனம் வழக்குப் போட்டது, உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 1951 ஜூன் 25 அன்று சிபிஎஸ் தன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. அதைக் காட்டக்கூடிய பெட்டி கிட்டத்தட்ட யார் வீட்டிலும் இல்லை. கொரியப் போருக்கு மூலப்பொருள் வேண்டும் என்று அக்டோபரில் அரசு வண்ணப் பெட்டித் தயாரிப்பை நிறுத்தச் சொன்னது. சிபிஎஸ்ஸும் பெரிதாக எதிர்க்காமல் கடையைக் கட்டியது. நான்கே மாதம்.

ஆர்சிஏ-வின் தலைவர் டேவிட் சர்னாஃப் ஏழைகளின் பெட்டிக்காகக் கண்ணீர் விட்டவர் இல்லை. அந்தப் பெட்டிகளில் பலவற்றை விற்றது அவர் கம்பெனி, காப்புரிமைப் பணம் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அது போகட்டும். என்ன காரணமாக இருந்தாலும், அவர் தன் பொறியாளர்களிடம் வைத்த நிபந்தனை எனக்கு நியாயமாகப் படுகிறது: புது ஒளிபரப்பு வரவேண்டும், பழைய பெட்டியில் ஒரு திருகைக்கூடத் தொடக்கூடாது. வண்ணப் பெட்டி உள்ளவன் வண்ணத்தில் பார்க்கட்டும், இல்லாதவன் கறுப்பு வெள்ளையில் பார்க்கட்டும், இரண்டு பேருக்கும் ஒரே அலை.

இதற்கான அடிப்படை யோசனை 1938-லேயே ஒரு பிரெஞ்சுக்காரருக்கு வந்துவிட்டது. ஜார்ஜ் வாலென்சி. அவருடைய காப்புரிமையின் சாரம் இவ்வளவுதான்: சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாக அனுப்பாதே. வெளிச்சம் எவ்வளவு என்பதை ஒரு சமிக்ஞையாக அனுப்பு, நிறம் என்ன என்பதைத் தனியாக அனுப்பு. பழைய பெட்டி வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். யோசித்துப் பாருங்கள், 1938-ல் வீட்டில் தொலைக்காட்சி வைத்திருந்தவர்களே சொற்பம். அந்தச் சொற்பம் பேரின் பெட்டியும் வீணாகக்கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

ஆர்சிஏ அணி அந்த வெளிச்ச அலையின் இடுக்குகளில் நிறத்தைச் செருகியது. நெல் மூட்டைகளுக்கு நடுவே இருக்கிற சந்துகளில் எள்ளைக் கொட்டுவது மாதிரி. ஆனால் ஓர் இடைஞ்சல். நிறத்தைச் சுமக்கும் அலை 3.58 மெகாஹெர்ட்ஸில். ஒலியைச் சுமக்கும் அலை, 1941-லிருந்தே, 4.5 மெகாஹெர்ட்ஸில். இரண்டும் மோதினால் 0.92 மெகாஹெர்ட்ஸில் ஓர் இரைச்சல் பிறந்து, திரையில் புள்ளிக் கோலமாக ஊரும். அதை அடக்க வேண்டுமென்றால் ஒலி அலை, வரி வேகத்தின் முழு மடங்காக இருக்க வேண்டும். அன்றைய வரி வேகம் நொடிக்கு 15,750. அதை 286-ஆல் பெருக்கினால் 45,04,500. ஒலி இருப்பதோ 45,00,000-ல். வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்று.

இரண்டு வழி இருந்தது. ஒலி அலையை ஆயிரத்தில் ஒரு பங்கு மேலே நகர்த்தலாம். சுலபம், சுத்தம், எல்லா எண்களும் முழு எண்களாகவே இருக்கும். ஆனால் வீடுகளில் இருக்கிற பெட்டிகள் சரியாக 4.5-க்குத் திருகி வைக்கப்பட்டவை. நகர்த்தினால் சிலவற்றிலாவது ஒலி கெடலாம். இன்னொரு வழி, படத்தின் வேகத்தையே ஆயிரத்தில் ஒரு பங்கு குறைப்பது. படத்தில் அவ்வளவு சின்ன மாற்றத்தைப் பழைய பெட்டி கவனிக்கவே கவனிக்காது. இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். 45,00,000 வகுத்தல் 286, வரி வேகம் 15,734 சொச்சம். நொடிக்கு 30 ஃப்ரேம், 30 வகுத்தல் 1.001 ஆனது.

இதுதான் ஆயிரத்து ஒன்று. யாரோ ஒருவர் தவணை கட்டிக்கொண்டிருந்த பெட்டியில் ஒலி கரகரக்கக்கூடாது என்பதற்காக, உலகத்தின் வீடியோ கணக்கு எல்லாம் பின்னமாகிப் போனது.

விலை கொடுக்காமல் இல்லை. 29.97-ஐ முப்பது என்று வைத்து எண்ணினால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி பிசகும். நிகழ்ச்சி நேரத்துக்கு முடிய வேண்டிய தொலைக்காட்சி நிலையத்துக்கு அது பெரிய பிசகு. அதற்காக 'டிராப் ஃப்ரேம்' என்று ஒரு கணக்கு முறை வந்தது. ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டி எண்ண வேண்டும், பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாண்டக்கூடாது. மணிக்கு 108 எண் காணாமல் போகும். படம் எதுவும் தொலையாது, எண் மட்டும். வீட்டு மனைகளில் 13-ம் நம்பரை விட்டுவிடுவது மாதிரி. இன்றைக்கும் ஒளிபரப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன் இந்தக் கணக்கை எழுதித்தான் ஆகவேண்டும்.

அமெரிக்கா 2009 ஜூன் 12 அன்று பழைய ஒளிபரப்பை நிறுத்தி முழுக்க டிஜிட்டலுக்குப் போனது. 4.5 மெகாஹெர்ட்ஸ் ஒலி அலை காற்றிலிருந்து மறைந்துவிட்டது. எந்தக் கோலத்துக்குப் பயந்து எண்ணை மாற்றினார்களோ அந்தக் கோலம் இனி வர வழியே இல்லை. எண் மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே டிஜிட்டல் ஒளிபரப்பும் 59.94-தான், ப்ளூ-ரே படங்கள் பெரும்பாலும் 23.976-தான்.

வாலென்சியின் யோசனையும் போகவில்லை. டிவிடி, ப்ளூ-ரே, யூடியூப், உங்கள் ஃபோனில் எடுத்த வீடியோ எல்லாமே வெளிச்சத்தைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும்தான் சேமிக்கின்றன. தொழில்நுட்ப விவரத்தில் 4:2:0 என்று பார்த்திருப்பீர்கள். வெளிச்சத்துக்கு நான்கு புள்ளி என்றால் நிறத்துக்கு ஒன்று போதும் என்று பொருள். கண்ணுக்கு நிறத்தின் நுணுக்கம் அவ்வளவாகத் தெரியாது என்பது இதன் லாபம். டிவியின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளை இருக்குமே, அதில் மஞ்சளில் ஓடுவது இந்த 1953 மாதிரி ஒப்பந்தமேதான், வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில். அந்தப் பின்னுக்குப் பெயரே ஆர்சிஏ.

நமக்கு வந்த பிஏஎல் முறை இந்தச் சண்டைகளையெல்லாம் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் பின்னால் வந்தது. டெலிஃபுங்கனின் வால்டர் ப்ரூக் 1960களின் தொடக்கத்தில் செய்தது. அதில் 25 என்றால் 25. இந்தியா 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத்துக்குப் போனபோது இதையே எடுத்துக்கொண்டது. எழுத்துகளைச் சேர்த்துப் படித்து 'பால்' என்பார்கள் மெக்கானிக்குகள், எனக்குச் சின்ன வயதில் ஆவின்தான் ஞாபகம் வரும். இதிலும் ஒரு வினோதம் உண்டு. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். பிஏஎல் நாடுகளில் வழக்கம், பேசாமல் அதை 25-ஆக ஓட்டிவிடுவது. இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதி திருத்தாமல் ஓட்டினால் பாட்டு முக்கால் ஸ்வரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏறிவிடும், அதாவது கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே. டிவியில் கேட்டே ஒரு பாட்டைப் பழகினவர் அதைக் கேசட்டில் கேட்டு 'என்னமோ மந்தமா இருக்கே' என்று நினைத்திருந்தால், அவர் காதில் தப்பில்லை.

*

ஒலியில் இதே மாதிரி புகழ்பெற்ற எண் 44.1. எம்பி3 கோப்பின் விவரத்தைத் திறந்தால் 44,100 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். ஒலியை நொடிக்கு இத்தனை தடவை அளந்து எண்ணாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதைப் பிடிக்க அதன் இரு மடங்குக்குக் கொஞ்சம் மேலே அளக்க வேண்டும் என்பது கணித விதி. அது 40,000-க்கு மேல் ஏன் என்பதைச் சொல்கிறது. நாற்பத்து நான்காயிரத்து நூறு ஏன் என்பதைச் சொல்வதில்லை.

1970களின் இறுதியில் டிஜிட்டல் ஒலியைப் பதிய ஒரு பொருத்தமான கருவி கிடையாது. ஸ்டீரியோ ஒலிக்கு நொடிக்குப் பதினான்கு லட்சம் பிட்டுகளுக்கு மேல் வேண்டும். ஒலி நாடா இயந்திரத்தால் அது முடியாது. ஆனால் வீடியோ நாடா இயந்திரத்தால் முடியும். எனவே சோனி போன்றவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பிட்டுகளைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றி, அது ஏதோ ஒரு டிவி நிகழ்ச்சி என்று வீடியோ ரெக்கார்டரை நம்ப வைத்துப் பதிந்தார்கள். அந்த நாடாவை டிவியில் போட்டால் படபடக்கும் கட்டங்கள் தெரியும், இசை தெரியாது.

வீடியோ இயந்திரத்தில் பதிவதால் வீடியோவின் கணக்குக்குள் அடங்க வேண்டும். ஒரு வரியில் மூன்று அளவுகளை வைக்கலாம். அமெரிக்க, ஜப்பானிய முறையில் ஓர் அரைப் படத்தில் பயன்படக்கூடிய வரி 245, நொடிக்கு அரைப் படம் 60. மூன்றையும் பெருக்குங்கள், 44,100. ஐரோப்பிய முறையில் வரி 294, அரைப் படம் 50. 294 × 3 × 50. அதுவும் 44,100. இரண்டு கண்டங்களின் இயந்திரங்களிலும் ஒரே எண் வருகிறது. பள்ளிக்கூடத்துப் பொது மடங்குக் கணக்கு, அவ்வளவுதான். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த நாளில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இங்கேயும் அந்த ஆயிரத்து ஒன்று எட்டிப் பார்க்கும். வண்ண என்டிஎஸ்சி வேகத்தில் ஓடிய சில வீட்டுக் கருவிகள் 44,100-க்குப் பதில் 44,056-ல் பதிந்தன. 44,100 வகுத்தல் 1.001.

சிடி 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் கடைக்கு வந்தபோது, ஆலைகளுக்கு மூல ஒலி யூ-மேட்டிக் வீடியோ கேசட்டுகளில்தான் போனது. எனவே சிடியும் 44.1. சிடியைக் கணினியில் உருவி எம்பி3 செய்தோம், அதுவும் 44.1. ஆனால் டிவிடியும் சினிமாவும் 48,000-ஐப் பிடித்துக்கொண்டன. இரண்டுக்கும் உள்ள விகிதம் 147:160. இந்தக் கரடுமுரடான விகிதத்தில் ஒலியை மாற்றும் வேலையைப் பல ஃபோன்கள் நீங்கள் பாட்டுக் கேட்கிற ஒவ்வொரு நொடியும் செய்துகொண்டிருக்கின்றன, இந்நேரமும்.

சிடிக்கு 74 நிமிடம் எப்படி வந்தது என்றால் எல்லோரும் பீத்தோவன் கதையைச் சொல்வார்கள், ஒன்பதாம் சிம்பொனி ஒரே தட்டில் அடங்க வேண்டும் என்று சோனியில் ஒருவர் கேட்டாராம். வடிவமைப்புக் குழுவில் இருந்த பிலிப்ஸ் பொறியாளர் கீஸ் இம்மிங்க் இதை ஏற்பதில்லை. பிலிப்ஸ் சார்ந்த பாலிகிராமிடம் 11.5 சென்டிமீட்டர் தட்டு செய்யும் ஆலை தயாராக இருந்தது, 12 சென்டிமீட்டர் என்று ஆக்கினால் அந்த முன்னிலை போய்விடும், அதுதான் சோனியின் கணக்கு என்பது அவர் கட்சி. நான் இம்மிங்க் பக்கம். கம்பெனிகள் சிம்பொனிக்காகச் செய்ததைவிடப் போட்டிக் கம்பெனியின் ஆலைக்காகச் செய்தது அதிகம்.

பீத்தோவனோ பாலிகிராமோ, அதன் பலனை அனுபவித்தது தமிழ் சினிமா பார்த்தவர்கள். 1993-ல் வந்த விசிடி, சிடியின் அதே வேகத்தில் ஓடியது, எனவே அதே 74 நிமிடம். ஒரு தட்டில் பாதிப் படம். இரண்டு தட்டு சேர்த்து 148 நிமிடம். நம் படங்களோ இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும். மிச்சத்துக்கு மூன்றாவது தட்டு, இல்லையென்றால் கத்தரி. இடைவேளைக்குச் சம்பந்தமில்லாத ஓரிடத்தில், கதாநாயகன் கையை ஓங்கியிருக்கும்போது படம் நின்று, வீட்டில் யாராவது எழுந்து போய் அடுத்த தட்டைப் போடுவார்கள்.

*

16:9 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1980களில் ஆர்சிஏ-வின் கெர்ன்ஸ் பவர்ஸ், புழக்கத்தில் இருந்த எல்லாத் திரை அளவுகளையும் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக்கி ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச் சட்டமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உள்சட்டமும் 1.77-க்கு அருகில் வந்தன. பழைய டிவியின் 4:3-ஐ 4:3-ஆல் பெருக்கினால் 16:9. யாருக்கும் முழுதாகப் பொருந்தாது, யாரையும் ஒரேயடியாக வெட்டாது. பஞ்சாயத்துத் தீர்ப்பு.

ஓவர்ஸ்கேன் இன்னும் எரிச்சலூட்டும் மிச்சம். குழாய் டிவிகளில் படத்தின் விளிம்பு கோணல்மாணலாக இருக்கும், அதை மறைக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்தார்கள். தட்டைத் திரையில் கோணலே கிடையாது. இருந்தும் பல டிவிகள் இன்னும் ஓரத்தைச் சில சதவீதம் வெட்டித்தான் காட்டுகின்றன. கணினியை இணைத்தால் கீழே இருக்கும் டாஸ்க்பார் பாதி காணாமல் போகிறதே, அது இதனால்தான். மெனுவுக்குள் தோண்டி 'ஸ்க்ரீன் ஃபிட்' மாதிரி ஏதோ ஒரு பெயரில் இருப்பதைப் போட வேண்டும்.

எல்லாச் சொல்லுக்கும் பின்னால் வரலாறு இருக்கிறது என்றும் இல்லை. தொண்ணூறுகளின் டூ-இன்-ஒன்களில் '1000 வாட்ஸ் பிஎம்பிஓ' என்று வெள்ளி எழுத்தில் மின்னும். அதை எப்படி அளப்பது என்று எந்தத் தரநிலையும் கிடையாது. விற்பனைப் பிரிவுக்குத் தோன்றிய எண். நிஜ வாட்ஸ் ஆர்எம்எஸ்-ல் பத்தைத் தாண்டினால் அதிகம். பிள்ளையார் கோயில் திருவிழாவில் மைக்செட் கட்டுகிற அண்ணன்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

*

இதுவரை சொன்ன எண்கள் அசிங்கமானவைதான், ஆனால் பெரும்பாலானவற்றுக்குள் பழைய பெட்டியோடும் பழைய இயந்திரத்தோடும் செய்துகொண்ட ஒரு சமாதானம் இருக்கிறது. 1990களின் பாதியில் இன்னொரு வகைச் சொற்கள் வரத் தொடங்கின. அவற்றில் சமாதானம் இல்லை.

1996 நவம்பரில் ஜப்பானில் டிவிடி வந்தது. அதன் உறையின் பின்னால் ஒரு சின்ன உலக உருண்டைக்குள் ஓர் எண் இருக்கும். ரீஜன். அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பாவும் ஜப்பானும் 2. தென்கிழக்கு ஆசியா 3. ஆஸ்திரேலியாவும் தென் அமெரிக்காவும் 4. இந்தியாவும் இலங்கையும் ரஷ்யாவும் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் 5. சீனா 6. ஒரு ரீஜனில் வாங்கிய தட்டு இன்னொரு ரீஜனின் ப்ளேயரில் ஓடாது. கணினியின் டிவிடி டிரைவில் ரீஜனை மாற்றலாம், ஆனால் ஐந்து தடவைதான். ஐந்தாவதாக வைத்ததில் அது உறைந்துவிடும்.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. தட்டு ஒன்றே, லேசர் ஒன்றே. ப்ளேயர் தட்டில் இருக்கும் ஓர் எண்ணைப் படித்துத் தன் எண்ணோடு ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்றால் மறுக்கிறது. நிரலில் ஒரே ஒரு 'இஃப்'. ஹாலிவுட் படம் அமெரிக்காவில் டிவிடியாக வரும்போது வேறு நாடுகளில் இன்னும் தியேட்டருக்கே வந்திருக்காது, விலையும் நாட்டுக்கு நாடு வேறு, அதற்காக.

இந்த வரைபடத்தில் தமிழர்களைத் தேடிப் பாருங்கள். டொராண்டோ 1. லண்டனும் பாரிஸும் 2. சிங்கப்பூரும் கோலாலம்பூரும் 3. சிட்னி 4. சென்னையும் யாழ்ப்பாணமும் 5. ஒரே குடும்பம் ஐந்து எண்களில் சிதறிக் கிடக்கும். சிங்கப்பூர் சித்தப்பா ஆசையாக வாங்கி வந்த ஹாலிவுட் டிவிடி மதுரையில் ஓடாது. தமிழ்ப் படத் தட்டுகளை வெளியிட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பல தட்டுகளின் உறையில் 'ஆல் ரீஜன், என்டிஎஸ்சி' என்று இருக்கும். பிஏஎல் நாட்டு ப்ளேயர்களும் டிவிகளும் பெரும்பாலும் என்டிஎஸ்சி-யைச் சமாளித்துவிடும், அமெரிக்கப் பெட்டிகள் பிஏஎல்-ஐச் சமாளிக்காது. எனவே உலகத் தமிழர் எல்லோருக்கும் பொதுவாக நின்றது அந்த 29.97.

தட்டில் பூட்டும் இருந்தது, சிஎஸ்எஸ் என்று பெயர். லினக்ஸ் கணினியில் சொந்தமாகக் காசு கொடுத்து வாங்கிய டிவிடியைக்கூடப் பார்க்க முடியாது. 1999-ல் அதைத் திறக்கும் நிரல் வெளியானது. அதற்காக யோன் லெக் யோஹான்சன் என்ற நார்வேப் பையன்மீது வழக்கு நடந்தது, நிரல் வந்தபோது அவனுக்கு 15 வயது. 2003 ஜனவரியில் விடுதலை, மேல்முறையீட்டிலும் அதே டிசம்பரில் விடுதலை. தான் வாங்கிய பொருளைத் தான் பார்ப்பது திருட்டில்லை என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு எச்டிஎம்ஐ-யும் அதோடு எச்டிசிபி-யும் வந்தன. ப்ளேயர், டிவிக்குப் படத்தை அனுப்புவதற்கு முன் 'உன்னிடம் உரிமச் சாவி இருக்கிறதா?' என்று கேட்கும். இல்லை என்றால் படம் கிடையாது. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் முதல் எச்டி டிவிகளைப் பெரும் விலை கொடுத்து வாங்கியவர்கள் பலருடைய பெட்டியில் அந்தச் சாவி இல்லை, பழைய அனலாக் துளைகளே இருந்தன. ப்ளூ-ரேயின் விதிகளில் அவர்களுக்கென்றே ஒரு பிரிவு சேர்த்தார்கள். தயாரிப்பாளர் விரும்பினால், அனலாக் வழியாகப் போகும் 1920×1080 படத்தை 960×540 ஆக, நான்கில் ஒரு பங்காகக் குறைக்கலாம். 2010 முடிந்த பின் தயாரித்த ப்ளேயர்களில் அனலாக் வழிக்குச் சாதாரணத் தரம் மட்டும். 2013-க்குப் பின் அதுவும் இல்லை.

1953-ல் பழைய பெட்டி கெடாமலிருக்கப் புது எண்ணைக் கண்டுபிடித்தார்கள். இங்கே நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டியைக் கெடுக்க எண் கண்டுபிடித்தார்கள். திருட்டைத் தடுக்கத்தானே என்று கேட்கலாம். எச்டிசிபி-யின் தலைச் சாவியே 2010 செப்டம்பரில் இணையத்தில் வெளியாகிவிட்டது, அது உண்மையான சாவிதான் என்று இன்டெலும் ஒப்புக்கொண்டது. திருடுகிறவன் அன்றே உள்ளே போய்விட்டான். கதவுக்கு வெளியே நின்றது காசு கொடுத்தவன்.

ரீஜன் பூட்டுக்கு நம் ஊரில் கோர்ட்டுக்கெல்லாம் போகவில்லை. சென்னை ரிச்சி தெருவில் 'மல்டி ரீஜன்' ப்ளேயர் வெளிப்படையாகவே விற்றது. 'லாக் இல்லாத பீஸ் சார்' என்பார்கள்.

போன வருடம் அதே தெருவுக்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கப் போயிருந்தேன். ஊரில் பெரியப்பா வீட்டில் குழாய் டிவி இன்னும் நன்றாக ஓடுகிறது, மாற்ற மாட்டேன் என்கிறார். ஆனால் ஓடிடி-யில் படம் பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ-யை மஞ்சள் வெள்ளை சிவப்புக்கு மாற்றித் தரும் தீப்பெட்டி அளவு டப்பா, சில நூறு ரூபாய்தான். இந்தக் காலத்தில் இதை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். "ஏன் சார், டெய்லி போகுது" என்றார் கடைக்காரர்.

டப்பாவின் பக்கத்தில் நகத்தால் தள்ளக்கூடிய ஒரு சின்ன ஸ்விட்ச். ஒரு பக்கம் பிஏஎல், மறுபக்கம் என்டிஎஸ்சி. பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளர் அதைக் காட்டி, "அண்ணே, இத எந்தப் பக்கம் வைக்கணும்?" என்று கேட்டார்.

"ரெண்டுலயும் தள்ளிப் பாருங்க. எதுல கலர் வருதோ அதுலயே விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் என் டப்பாவுக்குப் பில் போட ஆரம்பித்தார்.